ஹெரால்டு கன்வெர்ட்டிபிள் ரெஸ்டோர் பண்ணணுமா, முதல்ல அது ஃபேக்டரியில இருந்து எப்படி வந்துச்சுன்னு கண்டுபிடிங்க

ஏற்காட்டுல ஒரு காபி எஸ்டேட்டோட பழைய குடோன்ல, மிளகு மூட்டைங்களுக்குப் பின்னாடி தார்ப்பாய் போட்டு மூடி ஒரு டிரையம்ஃப் ஹெரால்டு 1200 கன்வெர்ட்டிபிள் நின்னுச்சு. 1965ல வந்த இங்கிலாந்து கார், இரும்புக் கூரைக்குப் பதிலா மடக்குற துணி மேல்மூடி வெச்சது, அந்த மேல்மூடியைத் தான் ஹூட்னு சொல்லுவோம். அதை வாங்கி, லாரியில ஏத்தி சேலத்துக்கு இறக்கி, திரும்ப அதே மலைக்கு சொந்த இன்ஜின்ல ஏத்துற வரைக்கும் எனக்கு நாலு வருஷம் ஆச்சு, அதுல முதல் எட்டு மாசம் நான் ஒரு போல்ட்டு கூட கழட்டல. எங்க தாத்தா வண்டி ஒண்ணு ஷெட்ல நிக்குது, எங்க இருந்து ஆரம்பிக்கிறதுன்னு கேக்குறவங்க எல்லாருக்கும் நான் சொல்றது இந்த எட்டு மாசத்தைத் தான். பழைய வண்டியில ஒவ்வொரு போல்ட்டு கழட்டும்போதும், ஒவ்வொரு இடம் சுரண்டும்போதும், அது ஆதியில எப்படி இருந்துச்சுங்கறதுக்கான சாட்சி ஒண்ணு போயிடும், அப்புறம் எவ்வளவு காசு கொட்டினாலும் அது திரும்பி வராது.

அதனால வண்டி கைக்கு வந்ததும் வாட்டர் சர்வீஸுக்கு விடாதீங்க. அழுக்கோட அப்படியே நிறுத்துங்க. ஒரு டார்ச்சு, மொபைல், ஒரு நோட்டு, மெல்லிசா வெள்ளைப் பேப்பர், சாதா பென்சில், இது போதும். சீட்டுக்கு அடியில, டிக்கி மேட்டுக்கு அடியில, டேஷ்போர்டுக்குப் பின்னாடி, கதவு கீலு, ஒயர் போற வழி, கிளிப்பு எந்தப் பக்கம் பார்த்து மாட்டியிருக்கு, எல்லாத்தையும் போட்டோ எடுங்க. நான் ஆயிரத்துக்கு மேல எடுத்தேன், அப்பவும் ஹூட் ஃப்ரேம்ல ஒரு வாஷர் எந்தப் பக்கம் வரும்ங்கறதுக்கு போட்டோ இல்லாம ரெண்டு நாள் முழிச்சேன்.

அடுத்தது பிளேட்டு. ஹெரால்டுல பானெட்டைத் தூக்குனீங்கன்னா, அதாவது மூஞ்சி, ரெண்டு மட்கார்டு, ஹெட்லைட்டு எல்லாம் சேர்ந்து மொத்தமா முன்பக்கம் கவுந்துரும், உள்ள பல்க்ஹெட்ல, அதாவது இன்ஜினுக்கும் உக்கார்ற இடத்துக்கும் நடுவுல இருக்கற சுவர்ல, ஒரு சின்ன தகடு ரிவிட் அடிச்சிருக்கும். அதுல இருக்கற நம்பரை டிரையம்ஃப்காரங்க சேஸிஸ் நம்பர்னு சொல்றதில்ல, கமிஷன் நம்பர்னு தான் சொல்லுவாங்க. அது மேல பேப்பரை வெச்சு பென்சிலைச் சாய்ச்சு மெதுவா தேய்ங்க, கண்ணுக்குத் தெரியாத எழுத்து கூட பேப்பர்ல எழும்பி வரும். என் வண்டியில பெயின்ட்டு ரெண்டு கோட்டு பிளேட்டு மேலயே அடிச்சு வெச்சிருந்தாங்க, கண்ணுல பார்த்தா வெறும் செவப்புத் தகடு, பென்சில் தேச்சதும் ஜி ஏ, அப்புறம் நம்பரு, கடைசியில சி வி. அந்த சி வி ரெண்டு எழுத்தைப் பார்த்ததும் குடோன் தரையிலயே உக்காந்துட்டேன், அவ்வளவு சந்தோஷம்.

ஏன்னா ஜி ஏ ன்னா 1147 சிசி இன்ஜின் வெச்ச ஹெரால்டு 1200. வெறும் ஜி ன்னு இருந்தா பழைய 948 சிசி, ஜி டி ன்னா 12/50, ஜி இ ன்னா 1967ல இருந்து வந்த 13/60. கடைசி எழுத்து தான் பாடி. சி வி கன்வெர்ட்டிபிள், டி எல் சாதா கூரை வெச்ச சலூன், சி பி கூபே. இந்தக் கடைசி எழுத்து ஏன் இவ்வளவு முக்கியம்னா ஹெரால்டோட கூரை போல்ட்டு போட்டு மாட்டுனது. நம்ம ஊர்ல கேரேஜ்ல ஒரு மத்தியானம் உக்காந்தா சலூனோட கூரையைக் கழட்டி, ஒரு ரெக்ஸின் மேல்மூடி தெச்சு கன்வெர்ட்டிபிள்னு வித்துடலாம், அப்படி வித்த வண்டிங்க நெறய சுத்துது.

இப்படி போல்ட்டு போட்டு செய்ய காரணம் ஒரு வியாபாரச் சண்டை. இங்கிலாந்துல கவென்ட்ரியில ஸ்டாண்டர்டு டிரையம்ஃப் கம்பெனிக்கு பாடி அடிச்சுக் குடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோவை போட்டிக் கம்பெனியான பிஎம்சி வாங்கிடுச்சு, முழு பாடியா அடிச்சுத் தர ஆள் இல்ல. அப்ப இவங்க தனி சேஸிஸ் போட்டு, பாடியைத் துண்டு துண்டா வேற வேற இடத்துல அடிச்சு, கடைசியில போல்ட்டு போட்டு சேக்கற மாதிரி பண்ணிட்டாங்க. டிசைன் இத்தாலி டூரின்ல இருந்த ஜியோவான்னி மிக்கெலாட்டி. 1959 ஏப்ரல்ல வெளிய விட்டாங்க, கன்வெர்ட்டிபிள் 1960ல வந்துச்சு, 1971ல நிறுத்திட்டாங்க. இந்தத் துண்டு துண்டு அமைப்பு ரெஸ்டோர் பண்ற நமக்கு வரம், அதே சமயம் ஏமாத்தறவனுக்கும் வரம். அதனால பிளேட்டை மட்டும் நம்பாதீங்க, பிளேட்டே ரெண்டு ரிவிட்டு தான். நெஜ கன்வெர்ட்டிபிள்ல முன் கண்ணாடி ஃப்ரேமோட மேல்பக்கம் ஹூடைப் பூட்டுற இடம் ஒழுங்கா அமைச்சிருக்கும், கூரை போல்ட்டு ஓட்டையை வெல்டு வெச்சு அடைச்ச தடம் இருக்கக் கூடாது. ஹூட் மடங்கி உக்கார எடம் வேணும்ங்கறதால பின் சீட்டு அகலம் சலூனை விடக் கம்மி. பின் சீட்டை எடுத்துட்டு பக்கவாட்டுத் தகட்டைத் தடவிப் பாருங்க, ஃபேக்டரி ஸ்பாட் வெல்டு ஒரே இடைவெளியில சின்னச் சின்ன வட்டமா வரிசையா இருக்கும், நம்ம ஊர் கேஸ் வெல்டு புழு ஊர்ந்த மாதிரி இருக்கும். கையே சொல்லிடும்.

இன்ஜின் நம்பர் பிளாக்கோட இடது பக்கம் குத்தியிருக்கும். 1200ல அதுவும் ஜி ஏ ன்னு தொடங்கி எச் இ ன்னு முடிஞ்சா ஹை கம்ப்ரஷன், எல் இ ன்னா லோ. இன்ஜின் நம்பரும் கமிஷன் நம்பரும் ஒண்ணா இல்லையேன்னு பயப்படாதீங்க, டிரையம்ஃப்ல ரெண்டும் வேற வேறயா தான் ஓடும், பக்கத்து பக்கத்து நம்பரா இருந்தா கூட ஒண்ணா இருக்காது. ஜி ஏ ன்னே இல்லைன்னா தான் யோசிக்கணும். மெட்ராஸ்ல வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ்ல 1961ல இருந்து செஞ்ச ஸ்டாண்டர்டு ஹெரால்டு 948 சிசி இன்ஜின் தான் போட்டாங்க, இங்கிலாந்து வண்டியில இன்ஜின் போச்சுன்னா அதைத் தூக்கி வெச்சுடறது அந்தக் காலத்துல சகஜம். அது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், வண்டி ஓடணுமில்ல. ஆனா நீங்க என்ன வாங்குறீங்கன்னு தெரிஞ்சு வாங்கணும்.

அதே பிளேட்டுல பெயின்ட்டு, டிரிம்னு ரெண்டு கட்டத்துல நம்பரு இருக்கும். இது டிரையம்ஃப்ல ரொம்ப அழகான ஏற்பாடு. கடைசி எண்ணு கலர் குடும்பத்தைச் சொல்லும், 1 கருப்பு, 2 செவப்பு, 5 பச்சை, 6 நீலம், 8 சாம்பல், 9 வெள்ளை. முன்னாடி இருக்கற எண்ணு அந்தக் குடும்பத்துல எந்த ஷேடுன்னு சொல்லும். 16ன்னா மிட்நைட் புளூ, 26ன்னா வெட்ஜ்வுட் புளூ, 56ன்னா ராயல் புளூ. 32 சிக்னல் ரெட், 25 கோனிஃபர் பச்சை, 19 வெள்ளை. சீட்டு, டோர் பேடுக்கான டிரிம் நம்பரும் இதே கணக்கு தான். என் பிளேட்டுல பெயின்ட் 26, டிரிம் 16. அதாவது வெளிய வெளிர் நீலம், உள்ள கருநீலம். நிக்கற வண்டியோ மிளகாப்பழ செவப்பு, உள்ள பழுப்பு ரெக்ஸின்!

பிளேட்டு ஒண்ணு சொல்லுது, வண்டி ஒண்ணு சொல்லுது, யாரை நம்பறது. இங்க தான் எமரி பேப்பர் வேலை. டேஷ்போர்டுல க்ளவ் பாக்ஸைக் கழட்டினா அதுக்குப் பின்னாடி, டோர் பேடுக்கு அடியில, டிக்கி ரப்பருக்கு அடியில, இந்த இடத்துல எல்லாம் மறுபெயின்ட் அடிக்கறவன் மெனக்கெட மாட்டான். ஒரு ரூபாய் காசு அளவு இடம் எடுத்துக்கிட்டு, 800 நம்பர் வாட்டர் பேப்பரை நனைச்சு, விரல் நுனியால வட்டமா தேய்ங்க, அழுத்தாம. கொஞ்ச நேரத்துல வெங்காயம் வெட்டுன மாதிரி வளையம் வளையமா தெரியும். எனக்கு வெளிய செவப்பு, அடுத்து மஞ்சளாப் போன ஒரு க்ரீம், அதுக்குக் கீழ பட்டி சாம்பல், அதுக்கும் கீழ மெல்லிசா ஒரு வெளிர் நீலம், அதுக்கு அப்புறம் பிரைமர், அப்புறம் தகடு. அந்த நீலக் கோடு ஒரு நூல் அகலம் தான் இருக்கும், வெளிச்சத்துல சாய்ச்சுப் பார்த்தேன், ஏற்காட்டுல மழை விட்ட காலையில தெரியற வானம் மாதிரி ஒரு நீலம். பிரைமரை ஒரிஜினல் கலர்னு நெனச்சு ஏமாறாதீங்க, அது சொரசொரன்னு மினுமினுப்பே இல்லாம இருக்கும், கலர் கோட்டு கொஞ்சம் பாலிஷ் போட்டா முழிச்சிக்கும். சாம்பிள் எடுக்கறதுக்கு வெயில் படாத இடத்தைப் பாருங்க, வெளிப்பக்கம் இருக்கற நீலம் அறுபது வருஷத்துல வெளிறிப் போயிருக்கும்.

இவ்வளவும் கையில வந்த பின்னாடி இங்கிலாந்துக்கு எழுதுங்க. வார்விக்ஷயர்ல கேடன்ங்கற ஊர்ல பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் இருக்கு, அந்தக் கம்பெனிங்களோட ஃபேக்டரி பதிவேடெல்லாம் அவங்க ஆர்கைவ்ல தான் இருக்கு. பணம் கட்டி, கமிஷன் பிளேட்டு போட்டோவோட அப்ளை பண்ணா, பதிவேட்டைப் பார்த்து ஹெரிட்டேஜ் சர்டிஃபிகேட் தருவாங்க. எந்தத் தேதியில செஞ்சது, எந்தத் தேதியில வெளிய அனுப்புனது, எந்த டீலருக்கு, முதல் இன்ஜின் நம்பர், கலர், டிரிம், ஃபேக்டரியிலயே மாட்டுன எக்ஸ்ட்ரா என்னென்னன்னு பதிவுல இருக்கறதை எழுதித் தருவாங்க. எனக்கு வந்ததுல வெட்ஜ்வுட் புளூ, மிட்நைட் புளூ டிரிம், ஹீட்டர் ஃபேக்டரி ஃபிட்டிங், இன்ஜின் நம்பர் என் பிளாக்ல இருக்கற அதே நம்பர். ஹீட்டர் இருந்த இடத்தை எவனோ தகடு வெச்சு அடைச்சிருந்தான், சேலத்துல ஹீட்டர் எதுக்குன்னு நெனச்சிருப்பான், ஆனா டிசம்பர்ல ஏற்காடு லேக் பக்கம் காலையில ஹூட் எறக்கிட்டு ஓட்டிப் பாருங்க, அப்ப தெரியும் எதுக்குன்னு.

நம்ம பக்கத்துப் பேப்பரையும் விட்டுடாதீங்க. பழைய ஆர்சி புக்குல பேர் மாறுன வரிசை இருக்கும், இன்சூரன்ஸ் துண்டு, பழைய டேக்ஸ் ரசீது, எல்லாம் எஸ்டேட் பங்களா பீரோவுல எங்கயாவது கிடக்கும். அதை விட முக்கியம் அந்த வண்டியை ஓட்டுன டிரைவர், அவர் இல்லைன்னா அவர் வீட்டம்மா. எங்க வண்டியோட பழைய டிரைவர் நாகலூர்ல இருந்தார், எண்பது தாண்டுன வயசு. "அய்யா, இதுக்கு முன்னாடி பம்பர்ல வெள்ளையா ரப்பர் இருக்குமே, அது எங்க"ன்னு பார்த்த உடனே கேட்டாரு. 1200 மாடலுக்கு அடையாளமே அந்த வெள்ளை ரப்பர் பம்பர் தான், என் வண்டியில யாரோ இரும்பு பம்பர் அடிச்சு க்ரோம் போட்டிருந்தாங்க, நான் அதையே ஒரிஜினல்னு நெனச்சு க்ரோம் கடைக்கு அனுப்ப இருந்தேன். அந்தப் பெரியவர் கிட்ட ஒரு சாயங்காலம் உக்காந்து பேசுனது தான் எனக்கு கெடச்ச பெரிய ஆவணம்.

இந்தப் பேப்பர் வேலைக்கு இன்னொரு கட்டாயமும் இருக்கு. 2021 ஜூலையில மத்திய அரசு வின்டேஜ் வண்டிக்குன்னு தனி ரிஜிஸ்ட்ரேஷன் விதி கொண்டு வந்துச்சு. முதல் ரிஜிஸ்ட்ரேஷன்ல இருந்து 50 வருஷம் தாண்டியிருக்கணும், ஆதி வடிவத்துல இருக்கணும், சேஸிஸ், பாடி ஷெல், இன்ஜின் இதுல பெரிய மாத்தம் பண்ணியிருக்கக் கூடாது. பரிவாஹன் போர்ட்டல்ல ஃபார்ம் 20 போட்டு அப்ளை பண்ணணும், புதுசா பதியறதுக்கு 20,000 ரூபா, மறுபதிவுக்கு 5,000, பத்து வருஷம் செல்லும், நம்பர்ல மாநில எழுத்துக்கு அப்புறம் வி ஏ ன்னு வரும். இதுல பதிஞ்சா தினமும் ஓட்டிட்டுப் போக முடியாது, ரேலி, கண்காட்சி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு, இதுக்குத் தான் ரோட்டுல எடுக்கலாம். கூரையை வெட்டுன சலூனைக் கொண்டு போய் ஆதி வடிவம்னு நிக்க முடியாது பாருங்க, அதனால தான் அந்த சி வி, அந்த சர்டிஃபிகேட், வேலைக்கு முன்னாடி எடுத்த போட்டோ இதெல்லாம் ஒரே ஃபைல்ல இருக்கணும்னு சொல்றேன்.

சரி, இப்ப ஸ்பேனர் எடுக்கலாம். மில்லிமீட்டர் ஸ்பேனர் இல்ல, இன்ச் ஸ்பேனர். 7/16, 1/2, 9/16 இந்த மூணுல தான் முக்கால்வாசி வண்டி இருக்கு. அரை இன்ச்சுக்கு 13 போட்டுத் திருகுனா தலை உருண்டு போயிடும், அப்புறம் உளி வெச்சு வெட்டணும். ஒவ்வொரு இடத்துப் போல்ட்டையும் தனித்தனி கவர்ல போட்டு துண்டுச் சீட்டு எழுதிப் போடுங்க. ஷிம் தகடு இருந்தா அது எத்தனை, எந்த மூலைன்னும் எழுதணும், பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவுல இருக்கற அந்த ஷிம்மு தான் கதவு இடுக்கை நேரா வெச்சிருக்கு.

கன்வெர்ட்டிபிள்ல எல்லாரும் தப்பு பண்ற இடம் கதவு. கூரை இல்லாத பாடியை சேஸிஸ்ல இருந்து தூக்குனா நடுவுல மடங்கிடும். சூரமங்கலத்துல எனக்கு டிங்கரிங் பண்ணுன அண்ணன் முதல் நாளே சொல்லிட்டாரு, "தம்பி, கதவு நல்லா சாத்துற நாள்ல பைப் அடிச்சுடணும், கதவு சாத்தலைன்னா முதல்ல சாத்த வெச்சுட்டு அப்புறம் அடிக்கணும்"னு. அதாவது வண்டியை நாலு சக்கரமும் சமமா நிறுத்தி, கதவைச் சுத்தி இடுக்கு மேலயும் கீழயும் ஒண்ணா இருக்கான்னு பார்த்து, கீலுத் தூணுக்கும் பின் தூணுக்கும் குறுக்க சதுர பைப்பை டேக் வெல்டு வெச்சுடணும், ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல குறுக்கா ஒண்ணு. அப்புறம் தான் பாடி போல்ட்டைத் தொடணும். அஞ்சு பேரு தூக்குனா போதும், கிரேன் எல்லாம் வேண்டாம்.

பாடி எந்திரிச்சதும் சேஸிஸைப் பாருங்க, அங்க தான் உண்மை இருக்கும். ஹெரால்டுல கதவுக்குக் கீழ ஓடற சில் தகடு வெறும் போல்ட்டு போட்டது, அது துருப்பிடிச்சா அழகு தான் போகும். ஆனா சேஸிஸ்ல இருந்து ரெண்டு பக்கமும் கை மாதிரி நீட்டிட்டு இருக்கற அவுட்ரிக்கர் தான் பாடியைத் தாங்குது, அது வெளிய பெயின்ட்டா இருக்கும், உள்ள மண்ணு நெறஞ்சு அரிச்சுப் போயிருக்கும். ஏற்காடு மாதிரி வருஷத்துல பாதி நாள் ஈரமா இருக்கற ஊர்ல நின்ன வண்டின்னா சொல்லவே வேண்டாம். ஒரு பழைய ஸ்க்ரூடிரைவரோட கைப்பிடியால தட்டிட்டே போங்க, நல்ல இரும்பு டிங்குன்னு கேக்கும், செத்த இரும்பு அட்டைப் பெட்டி மாதிரி தொப்புன்னு கேக்கும். பின்னாடி டிஃபரன்ஷியல் உக்கார்ற இடத்துல சேஸிஸ் மேல வளைஞ்சு போகும் பாருங்க, அங்க ரெண்டு தடவை தட்டுங்க. என்னுதுல நாலு அவுட்ரிக்கர் மாத்துனோம், 16 கேஜ் தகடு, பழசை ஒவ்வொண்ணா வெட்டி ஒவ்வொண்ணா வெச்சோம், எல்லாத்தையும் ஒரே நேரத்துல வெட்டிடாதீங்க, அளவுக்கு எதுவும் மிச்சம் இருக்காது. வெட்டறதுக்கு முன்னாடி, வெச்ச பின்னாடி, ஸ்கேல் வெச்சு போட்டோ. அதே மாதிரி தான் திரும்ப செஞ்சிருக்கோம், மாத்தம் பண்ணலைன்னு நாளைக்குக் காட்டறதுக்கு அது தான் சாட்சி.

முன் சக்கரத்துல ட்ரன்னியன்னு ஒரு பித்தளைக் கட்டை இருக்கு, ஸ்டியரிங் திரும்பும்போது செங்குத்தா நிக்கற இரும்பு அதோட மரையில தான் திரும்பும், ஒரு பக்கம் வலது மரை, ஒரு பக்கம் இடது மரை. இதை ரொம்ப அழுத்தி சொல்றேன், இதுக்கு கிரீஸ் அடிக்காதீங்க. 90 நம்பர் கியர் ஆயில் தான். நம்ம ஊர்ல நிப்பிளைப் பார்த்தா உடனே கிரீஸ் கன்னைச் சொருகுற பழக்கம், கிரீஸ் கீழ வரைக்கும் எறங்காம கட்டியாயிடும், தண்ணி போய் உள்ள தங்கி மரைகிட்ட இரும்பை அரிக்கும், ஒரு நாள் அது படக்குன்னு ஒடிஞ்சா சக்கரம் மடங்கி மட்கார்டுக்குள்ள போயிடும். இருவது கொண்டை ஊசி வளைவு இருக்கற ரோட்டுக்குப் பக்கத்துல வாழற நாம இதுல சமாதானமே பண்ணிக்கக் கூடாது. கழட்டி, மரையை சுத்தம் பண்ணி, துரு குழி இருந்தா ரெண்டையும் மாத்திடுங்க. அப்புறம் வருஷா வருஷம் மழைக்கு முன்னாடி ஆயில்.

இன்ஜின்ல நான் சொல்றது ஒண்ணே ஒண்ணு, மத்ததெல்லாம் நல்ல மெக்கானிக்குக்குத் தெரியும். இதோட கிராங்க்ல பின் மெயின் பேரிங்கிட்ட த்ரஸ்ட் வாஷர்னு அரை வட்டமா இருக்கும், அது தேஞ்சு கீழ விழுந்துட்டா கிராங்க் பிளாக்கையே திங்க ஆரம்பிச்சுடும், பிளாக்கு போனா உங்க ஒரிஜினல் நம்பரும் போச்சு. ஒருத்தரை கிளட்சை மிதிச்சு மிதிச்சு விடச் சொல்லிட்டு, முன்னாடி புல்லியைப் பாருங்க, கண்ணுக்குத் தெரியற மாதிரி முன்ன பின்ன போச்சுன்னா ஸ்டார்ட்டே பண்ணாதீங்க. டயல் கேஜ் வெச்சா 4ல இருந்து 8 தவு (ஒரு தவுன்னா இன்ச்சுல ஆயிரத்துல ஒரு பங்கு), அதாவது 0.1ல இருந்து 0.2 மில்லிமீட்டர், இதுக்குள்ள இருக்கணும். ஹெட்டு எறக்கும்போது எக்ஸாஸ்ட் வால்வுக்கு கெட்டி சீட்டு போட்டுடுங்க, பழைய சீட்டு தேயாம காப்பாத்துனது பெட்ரோல்ல இருந்த ஈயம் தான், ஈயம் போட்ட பெட்ரோல் நம்ம நாட்டுல 2000த்தோட முடிஞ்சு போச்சு. இப்ப வர்ற எத்தனால் பெட்ரோலுக்கு பழைய ரப்பர் ஓசும், பெட்ரோல் பம்ப்பு டயாஃப்ரமும் தாங்காது, அதையும் மாத்துங்க. பேட்டரி மாட்டும் முன்னாடி எந்தப் பக்கம் எர்த்துன்னு பாருங்க, அந்தக் காலத்து வண்டிங்க நெறய பாசிடிவ் எர்த்து, பழக்கத்துல நெகடிவை பாடிக்குக் குடுத்துட்டா டைனமோ கட்அவுட்டுல இருந்து எல்லாம் வம்பாயிடும்.

பார்ட்ஸுக்கு நம்ம தமிழ்நாட்டுக்காரங்களுக்கு ஒரு கொடுப்பினை இருக்கு. மெட்ராஸ்ல செஞ்ச ஹெரால்டு பார்ட்ஸ் புதுப்பேட்டையிலயும், பழைய ஸ்பேர் கடை பரண்லயும் இன்னும் கெடைக்கும், முன் சஸ்பென்ஷன், ஸ்டியரிங் ராக், கதவுப் பூட்டு மாதிரி நெறய சேரும். அதே மெட்ராஸ் கம்பெனியில 1972ல வந்த ஸ்டாண்டர்டு கஸலோட பின் ஆக்ஸில் மட்டும் வாங்கிடாதீங்க, அது வேற அமைப்பு. நான் வேலைக்கு எறங்கும்போதே ஒரு முடிவு எடுத்தேன், கண்ணுக்குத் தெரியற இடம், நம்பர் இருக்கற இடம் ரெண்டுலயும் இங்கிலாந்து ஒரிஜினல், தேயற இடத்துல நம்ம ஹெரால்டு பார்ட்ஸ். வெள்ளை பம்பர் ரப்பர் வெளிநாட்டுல இருந்து தான் வந்துச்சு. டேஷ்போர்டு மரம், 1200ல மேல வெனீர் ஒட்டுனது, பழசையே எடுத்து நம்ம ஊர் ஆசாரியை வெச்சு திரும்ப வெனீர் ஒட்டி வார்னிஷ் போட்டோம், அதுல மீட்டர் ஓட்டை வெட்டுன அளவு ஃபேக்டரி அளவு, புதுசா மரம் வெட்டியிருந்தா அது வந்திருக்காது. க்ரோமுக்குப் போட்ட சாமான்ல ஒரு கதவுக் கைப்பிடி திரும்பி வரல, கடையில தேடித் தேடி இல்லைன்னுட்டாங்க, அதனால எண்ணி, போட்டோ எடுத்து, கையெழுத்து வாங்கிக் குடுங்க.

பெயின்ட்டுக்கு கலர் ஸ்கேனர் வெச்ச கடைக்கு க்ளவ் பாக்ஸ் மூடியையே எடுத்துட்டுப் போனேன். முதல் சாம்பிள் சரியா இருக்குன்னு கடையில டியூப்லைட்டுல தோணுச்சு, வெளிய எடுத்து வந்து காலை வெயில்ல வெச்சா பச்சை அடிச்சுது. மூணு தடவை திருத்துனோம். எப்பவும் வெயில்ல, நிழல்ல, ரெண்டுலயும் பாருங்க. ஆர்சியில செவப்புன்னு இருந்தா கலர் மாத்தறதையும் ஆர்டிஓ ஆபீஸ்ல எழுத்துல கொண்டு வந்துடணும்.

ஹூட் போடறது தான் கடைசி, அதுக்கு நம்ம சேலத்து வெயிலை விட நல்ல கருவி கெடையாது. வினைல் சூடானா தான் இழுத்த இழுப்புக்கு வரும், குளுந்த நேரத்துல போட்டா அடுத்த மாசம் தொங்கும். ஏப்ரல்ல ஒரு நாள் வண்டியை வாசல்ல நிறுத்தி, ஹூட் துணியை ஃப்ரேம் மேல சும்மா விரிச்சு ஒரு மணி நேரம் காய விட்டோம், கை வெச்சா சுடற பதம் வந்ததும் பின்பக்கத்தை முதல்ல பூட்டி, நடுவுல பென்சில் கோடு போட்டு, நடுவுல இருந்து ரெண்டு ஓரத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமா இழுத்துட்டுப் போனோம். கடைசியா முன் கட்டையில ஒட்டறதுக்கு முன்னாடி ரெண்டு கதவுக் கண்ணாடியையும் ஏத்தி, ஹூடோட ஓரம் கண்ணாடி மேல உக்காருதான்னு பார்க்கணும், பல பேரு இதை விட்டுட்டு முதல் மழையில தொடை நனையும்போது தான் ஞாபகம் வருதுன்னு சொல்றாங்க. புது ஹூடை ஒரு வாரம் மடிக்காதீங்க, மூடியே நிக்கட்டும்.

முதல் பெரிய ஓட்டம் ஏற்காடு தான்னு எப்பவோ முடிவு பண்ணிட்டோம். ஆனா நேரா மலைக்குப் போகல, முதல்ல அஸ்தம்பட்டி, அப்புறம் கன்னங்குறிச்சி வரைக்கும் ஒரு வாரம், தெனமும் வந்து அடியில குனிஞ்சு ஒழுகுதா, எந்த நட்டு லூஸுன்னு பார்த்தோம். மலைக்குக் கிளம்பறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை, ஹெரால்டுக்கு பின்னாடி ஸ்விங் ஆக்ஸில். வளைவுக்கு நடுவுல வேகமா இருக்கும்போது திடீர்னு ஆக்ஸிலேட்டரை விட்டா, இல்ல பிரேக்கை அமுக்குனா, பின்பக்கம் எந்திரிச்சு சக்கரம் உள்ள மடங்கும், வால் வெளிய போயிடும். அதனால பிரேக்கை வளைவுக்கு முன்னாடி போட்டு முடிச்சுடணும், வளைவுல லேசா ஆக்ஸிலேட்டர் குடுத்துட்டே திரும்பணும். எறங்கும்போது செகண்டு கியர், டிரம் பிரேக்கை அமுக்கிட்டே வந்தீங்கன்னா அடிவாரத்துக்குள்ள சூடாகி பெடல் பஞ்சு மாதிரி ஆயிடும். இன்னொரு பக்கம் இந்த வண்டி மாதிரி கொண்டை ஊசி வளைவுல திரும்பற வண்டி நான் பார்த்ததில்ல, 25 அடிக்குள்ள முழுசா சுத்திடும், பஸ்ஸுங்க ரிவர்ஸ் எடுக்கற வளைவுல நாம ஒரே திருப்புல போயிட்டே இருக்கலாம்.

மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டி அடிவாரம் செக்போஸ்ட்டுல கொஞ்சம் நிறுத்தி ரேடியேட்டர் தண்ணி பார்த்தோம், அப்புறம் ஹூடை எறக்கிட்டு ஏறுனோம். பதினாலாவது வளைவுக்கு மேல குளுரு வந்துச்சு, ஹீட்டர் குமிழைத் திருப்புனேன், சூடு வந்துச்சு. நேரா நாகலூருக்குப் போயி அந்தப் பழைய டிரைவர் வீட்டு வாசல்ல நிறுத்துனோம். அவர் மெதுவா வண்டியை ஒரு சுத்து சுத்தி வந்தாரு, பம்பர் ரப்பரை விரலால அமுக்கிப் பார்த்தாரு, கதவைத் தொறந்து சாத்துனாரு, அந்தச் சத்தத்தைக் கேட்டுட்டு திரும்ப ஒரு தடவை தொறந்து சாத்துனாரு. "இதே நீலம் தான்"னு சொல்லிட்டு முன் சீட்டுல ஏறி உக்காந்துக்கிட்டாரு.